அலசாத வேட்டி

செப்டம்பர் 3, செவ்வாய்

எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் சின்ன மகள் ஸ்டெல்லா. நண்டு கம்பெனியில் சதை பிரிக்கிற வேலை முடிந்து சாயங்காலம் வந்து உட்காருகிறாள். நான் பேசுவதை வக்கீல் படிக்கிற மாதிரி திருத்தி எழுதுகிறாள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

வக்கீல்தான் இந்த வேலையைக் கொடுத்தார். "பெரியவரே, உங்க மகன் கயத்தான் மேல கேஸ் நிக்குது. எதிர்த்தரப்பு என்னென்ன செய்யுதுன்னு தேதி போட்டு எழுதி வைங்க" என்றார். எதிர்த்தரப்பு என்றால் யாரோ இல்லை. என் மூத்த மகள் செபமாலை வாழ்க்கைப்பட்ட வீடுதான். அவள் புருசன் லெயோன், அவன் தாய் மார்த்தாள்.

இன்று காலை பெரிய ஆஸ்பத்திரியில் செபமாலைக்கு ஆண்பிள்ளை பிறந்தது. இது மூன்றாவது. முந்தின இரண்டும் ஆண்தான். இரண்டும் இல்லை.

தகரப் பெட்டியைத் திறந்து என் கல்யாண வேட்டியில் ஒரு முழம் கிழித்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது. ஆண்பிள்ளையைத் தாயின் தகப்பன் உடுத்திய பழைய வேட்டியில்தான் முதலில் சுற்ற வேண்டும். புதுத்துணி ஆகாது. அலசவும் கூடாது. உடுத்தி வாழ்ந்தவனின் ஆயுசு துணியில் இருக்கிறது, தண்ணீர் பட்டால் போய்விடும். அதற்காகவே அந்த வேட்டி கல்யாணத்தன்று மடித்தபடி பெட்டியில் கிடக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க என் பெண்டாட்டி வருடா வருடம் பாச்சா உருண்டை போட்டு வைத்தாள். அவள் செத்த பிறகு நான் போடுகிறேன்.

ஆஸ்பத்திரித் துணியை அவிழ்த்து என் வேட்டியில் பிள்ளையைச் சுற்றினோம். மார்த்தாள் வராந்தாவில் நின்றாள். அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே கோணலாக ஒட்டியிருக்கிறது. அந்தக் கையாலேயே கும்பிட்டாள்.

"அண்ணே, ஒரு வார்த்த. அந்தத் துணிய ஒரு தடவ அலசி வெயில்ல போட்டுத் தாங்களேன். பெட்டி நாத்தம் மூக்க அறுக்கு. பச்சப் பிள்ளைக்கு ஆவாது."

கயத்தான் என்னைப் பார்த்தான். "கேட்டீங்களா எப்பா? மூணு தடவையும் அதே வார்த்த. ஆயுச அலசி ஊத்தணும் இவளுக்கு."

அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து சன்னல் கம்பியில் தலையை மோதினான். இரண்டு முறை. லெயோன் கீழேயிருந்து டீ வாங்கிக்கொண்டு வந்தவன், தூக்குவாளியோடு கொதிக்கிற டீயைக் கயத்தான் முகத்தில் ஊற்றினான். பிறகு இரண்டு பேரும் தரையில் புரண்டார்கள். கயத்தான் அவன் காதைக் கடித்தான். வாட்ச்மேன் லத்தியால் பொதுவாக அடித்ததில் எனக்கும் ஒன்று விழுந்தது.

நான் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நல்ல எடை. என் மூக்கு.

செப்டம்பர் 4, புதன்

வலையில் அறுந்த நான்கு கண்ணியைப் பொத்தினேன். பிள்ளை பால் குடிக்கிறது என்று போன் வந்தது. கயத்தான் அரிவாளைக் கொண்டுவந்து வைத்தான். சாணைக்கல்லில் தீட்டிக் கொடுத்தேன். மீன் அறுக்கத்தான். காற்று சரியில்லை, ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

வக்கீல், பழைய சங்கதியையும் சொல்லச் சொன்னார். சொல்கிறேன். எனக்கு மறதி கிடையாது.

முதல் பிள்ளை பிறந்தது தவக்காலத்தில். மூன்றாம் நாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாயிற்று. பிறகு நெற்றி, வயிறு, உள்ளங்கால். அழுகிற சத்தம் பூனை கத்துகிற மாதிரி மெலிந்தது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. நாங்கள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது பிள்ளை போன வருடம். அதே வேட்டி, அதே மஞ்சள். தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலிலேயே வளைந்துவிட்டது. சவப்பெட்டி செய்ய ஆசாரி அளவு கேட்டபோது கயத்தான் தன் முழங்கையைக் காட்டினான்.

பிள்ளைகளுக்கு யார் என்ன செய்தார்கள் என்று ஊரே யோசித்தது. மார்த்தாள் தன் அண்ணன் மகளைத்தான் லெயோனுக்குக் கட்ட நினைத்திருந்தாள், அது எல்லாருக்கும் தெரியும். இரண்டு முறையும் வேட்டியை அலசச் சொன்னதும் அவள்தான். ஆயுசைத் தண்ணீரில் விடப் பார்த்தாள், முடியவில்லை, செய்வினைத் தகடு வைத்தாள். அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசினது நான் என்று லெயோன் சொல்கிறான். ஊரில் எல்லாரும் பேசினார்கள்.

இரண்டாவது பிள்ளையின் அடக்கம் முடிந்த அன்றே கயத்தான் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். மார்த்தாள் உரலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். தலைக்கு ஓங்கினான், கையைக் குறுக்கே கொடுத்தாள். கை போயிற்று. வக்கீல் சொல்கிற கேஸ் அதுதான். ஆறாவது நாள் எங்கள் வல்லம் கரையில் எரிந்தது. இன்ஜினுக்குள் மணலை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் எரித்திருந்தான் லெயோன். பிறகு கயத்தான் அவன் வலையை எல்லாம் வெட்டினான். பிறகு அவன் கயத்தானைக் கல்லறைச் சுவரோரம் மடக்கி நங்கூரக் கயிற்றால் கழுத்தை நெரித்தான். நாக்கு வெளியே வந்துவிட்டது. சாமியார் மணியடித்து ஆளைக் கூட்டியதால் பிழைத்தான்.

இத்தனைக்கும் செபமாலை அந்த வீட்டிலேயே இருந்தாள். "எங்க அத்த ஒண்ணும் செய்யல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். மருந்து வைத்திருக்கிறார்கள் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கேட்கிறாள், "எப்பா, கயத்தான் அண்ணன் துடுப்ப எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். துடுப்பு என் கையில் இருந்தது, அவன் கேட்டான், கொடுத்தேன். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் பிள்ளைக்குக் கண் மஞ்சள்.

நர்சு நீல விளக்குக்குக் கீழே துணியில்லாமல் கிடத்தினாள். வேட்டித் துண்டைச் செபமாலை தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் மூத்திரம் நல்லெண்ணெய் மண்டி மாதிரி இருந்தது. செபமாலை அழவில்லை. கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டே இருந்தாள், தோல் பிய்ந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. துடைக்கப் போனேன். தட்டிவிட்டாள்.

கயத்தான் பிள்ளையைப் பார்த்தான். என் பக்கம் திரும்பி, "போயிட்டு வாரேன் எப்பா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்போது நான் இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் ஊர் போய்ச் சேருவதற்குள் மார்த்தாள் வீட்டில் இல்லை. யாரோ போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். கன்னிமார் மடத்துக்கு ஓடிப்போய் சிஸ்டர்கள் சமையலறையில் ஒளிந்துகொண்டாள். வீட்டில் லெயோன் மட்டும் நின்றான்.

பார்த்தவர்கள் சொன்னது இது. கயத்தான் கதவை வெட்டினான். லெயோன் அம்மிக் குழவியைத் தூக்கி எறிந்தான், கயத்தானுக்கு இரண்டு விலா. கயத்தான் வீசினான், லெயோனுக்கு இடது தோள். எலும்பு வெளுப்பாகத் தெரிந்ததாம். கோழிகள் ரத்தத்தைக் கொத்தினவாம். பிறகு கயத்தான் உடைமரக் காட்டுக்குள் போய்விட்டான். போலீசு வந்து காட்டைப் பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

போன் பண்ணியது ஸ்டெல்லா. அவளே சொன்னாள். ஒரு அறை விட்டேன். அதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

செப்டம்பர் 7, சனி

குழந்தை டாக்டர் ஒரு பெண்பிள்ளை. கண்ணாடி போட்டவள், தூங்காத முகம். "நீங்கதான் தாயோட அப்பாவா? உட்காருங்க ஐயா, உங்ககிட்ட கேக்கணும்" என்றாள். உட்காரவில்லை. ஸ்டெல்லா என் கூட நின்றாள்.

"குழந்தையோட ரத்தத்துல சிவப்பணு ஒடஞ்சு கொட்டுது. விளக்கு போதாது. பழைய ரத்தத்தக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் மாத்தப் போறோம். ஆனா ஏன் ஒடையுதுன்னு தெரியணும். முந்தின ரெண்டும் இப்படியேவா?"

"இப்படியே. அது நோயில்ல டாக்டரு. செஞ்சு வச்சிருக்கா."

அவள் கோபப்படவில்லை. "சரி, அதையும் வச்சுக்குவோம். நான் எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்" என்று விரலை மடக்கினாள். "சத்தான சாப்பாடு இல்லாம இரும்புச் சத்து கொறஞ்சா சிவப்பணு வெளிறிப் போகும். உங்க மகளுக்கு அது இருக்கு, வயித்துல கொக்கிப்புழுவும் இருந்திருக்கு, அதுக்கு மாத்திரை குடுத்தாச்சு. அதனால பிள்ளைக்கு மஞ்சள் வராது. தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒத்துக்காட்டி பிறந்த உடனே ஒடையும். குரூப் பாத்துட்டோம், அதுவும் இல்ல. சில குடும்பத்துல ரத்தம் ஊறுறதே கம்மி, மாசா மாசம் ஏத்தணும். சில ஜனங்களுக்கு அணு உருண்டையா இல்லாம அரிவாள் மாதிரி வளைஞ்சு நரம்புக்குள்ள சிக்கிக்கும்."

அரிவாள் என்றதும் தலையை நிமிர்த்தினேன்.

"இது அது ரெண்டும் இல்ல. இன்னொண்ணு இருக்கு. அணு பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா தன்னைக் காப்பாத்திக்கிற சத்து அதுக்குள்ள பிறவியிலேயே இருக்காது. சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆகாத மாத்திரை, ஆகாத வாடை ஏதாவது பட்டா பொலபொலன்னு ஒடையும். ஒடஞ்சதுதான் மஞ்சளா மூளைக்கு ஏறுது." செபமாலை பிள்ளையின் அறைக்குப் போயிருந்தாள். இதைச் சொல்லிக்கொண்டே அவள் காலிக் கட்டிலில் தலையணையைச் சரிசெய்த டாக்டர் நின்றாள். அடியிலிருந்து வேட்டித் துண்டை உருவி மூக்கருகே கொண்டுபோனாள். "என்ன இது?"

வழக்கத்தைச் சொன்னேன்.

"பாச்சா உருண்டை. எத்தனை வருஷமாப் பெட்டியில?"

"கல்யாணத்துலேர்ந்து."

"துவைக்காமலா சுத்துனீங்க? மூணு பேரையும்?"

மூன்று பேரையும்தான் என்றேன். அவள் துணியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். பிறகு கேட்டாள், "உங்க வீட்டு ஆம்பளைங்க யாருக்காவது ஏதாவது மாத்திரை சாப்பிட்டு மூத்திரம் கறுப்பாப் போயிருக்கா?"

எனக்கு மறதி கிடையாது என்று முன்பே சொன்னேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஊரெல்லாம் குளிர்காய்ச்சல். மலேரியாவுக்கு மருந்து கொடுக்க ஒரு மனிதர் சைக்கிளில் வருவார், சிவந்த ஆள், பேச்சில் கோயமுத்தூர் வாடை. தினம் ஒன்றாகச் சாப்பிடச் சொல்லி ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். நாங்கள் அன்றைக்கு நான்கைந்து நாள் தங்குகடலுக்குப் போகிறோம். வல்லத்தில் பொட்டலம் நனைந்து கூழாகிவிடும். அதனால் கரையிலேயே மொத்தத்தையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினோம். மருந்தென்றால் எங்கள் ஊரில் அப்படித்தான் தின்பார்கள். மற்றவர்கள் வாந்தியெடுத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு இரண்டாம் நாள் மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போயிற்று. கண் மஞ்சள். நிற்க முடியவில்லை. வல்லத்தைத் திருப்பி என்னைக் கரையில் இறக்கினார்கள்.

விஷம் வைத்துவிட்டான் என்று சத்தம் போட்டார்கள். அந்த மனிதரைப் பிடித்து வந்து கொடிமரத்தில் கட்டித் திருக்கை வாலால் அடித்தார்கள். காய்ந்த திருக்கை வால் முள்ளோடு இருக்கும், இழுக்கும்போது சதையோடு வரும். ஒரு கண் போயிற்று. கட்டுவதற்கு முன் அவரை நான் கிடந்த கட்டிலருகே கொண்டுவந்தார்கள். "இவந்தானா?" என்று கேட்டார்கள். கையைக் காட்டினேன்.

அதை டாக்டரிடம் சொன்னேன். அடித்ததைச் சொல்லவில்லை. மூத்திரத்தை மட்டும் சொன்னேன்.

"உங்க ரத்தத்தைப் பாக்கணும். பிள்ளைக்கு இப்ப பாத்தா சரியாத் தெரியாது, கெட்ட அணுவெல்லாம் ஏற்கெனவே ஒடஞ்சு போச்சு" என்று சொல்லி என் கையில் ஊசி போட்டு எடுத்தாள். "இது உங்ககிட்ட இருந்தா உங்க மகனுக்கு வராது. உங்க மகள்கள் எல்லாருக்கும் கட்டாயம் வந்திருக்கும். அவங்களுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. அவங்க பெறுற ஆம்பளப் பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு இருக்கலாம்."

ஸ்டெல்லா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "சொல்லுங்க" என்றாள். இன்றைக்கு இவ்வளவுதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். கோயிலுக்குப் போகவில்லை.

என் ரத்தம்தான். டாக்டர் காகிதத்தைக் காட்டினாள், எனக்குக் கோடும் புள்ளியுமாகத் தெரிந்தது. "ரத்தம் மட்டும் குத்தமில்ல ஐயா. அந்த வாடை படாம இருந்தா முந்தின ரெண்டு பேரும் வளர்ந்திருப்பாங்க. உங்களைப் போல எழுபது வயசு வரைக்கும் இருந்திருப்பாங்க. சும்மா அலசியிருந்தாக்கூட பாதி வாடை போயிருக்கும்" என்றாள்.

ரத்தம் மாற்றியிருக்கிறார்கள். தொப்புளில் குழாய் செருகி எடுத்து எடுத்து விட்டார்களாம். பிள்ளை இப்போது மஞ்சள் குறைந்து கிடக்கிறது. இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

செபமாலையிடம் நானே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கினாள். தையல் போட்ட உடம்பு. என் சட்டையைப் பிடித்து என்னைச் சுவரில் சாய்த்தாள்.

"அலசுங்கன்னாங்களே எங்க அத்த."

"ஆமா."

"மூணு தடவ சொன்னாங்களே."

"ஆமா."

என் முகத்தில் துப்பினாள். பிறகு நகத்தால் கிழித்தாள். கண்ணுக்குக் கீழே மூன்று கோடு. நான் தடுக்கவில்லை. நர்சுகள் வந்து அவளைப் பிரித்தார்கள். அவள் காலடியில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்திருந்தது. "அண்ணன் கையில அருவா இருக்கு. எங்க அத்த செத்தா நீங்க எம் முகத்துல முழிக்காதீங்க" என்றாள்.

ஊருக்கு வந்து நான்கு பேரிடம் சொன்னேன், கயத்தானைக் கண்டால் சொல்லுங்கள், மார்த்தாள்மேல் தப்பில்லை என்று. ஐஸ் கம்பெனி ராயன் சிரித்தான். "டாக்டரம்மா சொன்னாளாக்கும். போன வருசம் நீருதான வேய் தகடுன்னு சொன்னீரு" என்றான்.

செப்டம்பர் 9, திங்கள்

உடைமரக் காட்டில் காலை முதல் தேடினேன். முள் ஏறிக் கால் வீங்கிவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் கயத்தானே போன் பண்ணினான். "கெழவி நாளைக்கு மொத பஸ்ஸுல பிள்ளையப் பாக்கப் போறாளாம். மடத்துல வேல பாக்குற பிள்ள சொல்லுச்சு. முடிச்சிருதேன் எப்பா." நான் சொல்ல வருவதற்குள் வைத்துவிட்டான், திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது. ஸ்டெல்லா மடத்துக்குப் போன் பண்ணினாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரில் ஓடினாள். சிஸ்டர்கள் கதவைத் திறக்கவில்லை, எங்கள் வீட்டு ஆள் என்று.

செப்டம்பர் 10, செவ்வாய்

இதை ஸ்டெல்லா எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.

விடிந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். கயத்தான் ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். விலா உடைந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு விட்டான். அரிவாள் மடியில். தாடியெல்லாம் மண்.

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் ரத்தம், உருண்டை வாடை, அந்த மாத்திரை எல்லாம். அவன் பொறுமையாகக் கேட்டான். சின்ன வயதில் கடல் சங்கதி சொன்னால் இப்படித்தான் கேட்பான்.

"எப்பா, உங்களுக்கும் வச்சிட்டாளா?"

"என்னத்தல?"

"மருந்துதான். இல்லாட்டி நீங்க இப்படிப் பேசுவீங்களா? உங்க வாயால அவளுக்கு வக்காலத்து வாங்குதீங்க. போன வாரம் அருவாளத் தீட்டித் தந்த மனுசன்."

"தீட்டித் தந்தேன். இப்ப குடு."

"செபமாலைக்கு வச்சா. இப்ப உங்களுக்கு. நாளைக்கு ஸ்டெல்லாவுக்கு. ஒத்த வெட்டு, எல்லாம் சரியாப் போவும்."

மடத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மார்த்தாள் முக்காடு போட்டுக்கொண்டு, கோணல் கையில் ஒரு தூக்குவாளியோடு ரோட்டில் வந்தாள். கயத்தான் எழுந்தான். இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தான், இரண்டு பல் உள்ளே போயிற்று. விடவில்லை. தூக்கிச் சுவரில் அடித்தான். நெஞ்சுக்குள் ஏதோ மளுக்கென்றது. கீழே விழுந்தேன். "மன்னிச்சிருங்க எப்பா" என்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினான்.

என் அரைஞாண் கயிற்றில் வலைக்கயிறு அறுக்கிற சூரி எப்போதும் இருக்கும். அவன் முதல் அடி எடுத்து வைக்கும்போது குதிகால் என் முகத்துக்கு நேரே இருந்தது. பெரிய மீனைத் துள்ளவிடாமல் நிறுத்த எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனிதனுக்கு அது குதிகாலுக்கு நான்கு விரல் மேலே. அறுத்தேன். கயிறு அறுந்த மாதிரி ஒரு சத்தம். நரம்பு உள்ளே சுருண்டு கெண்டைச் சதைக்குள் ஏறியது, தோலுக்கு அடியில் ஓடியதைப் பார்த்தேன்.

அவன் விழுந்தான். விழுந்த பிறகும் கையை ஊன்றி ரோட்டைப் பார்த்து ஊர்ந்தான். இன்னொரு காலையும் அறுத்தேன்.

மார்த்தாள் நின்று பார்த்தாள். தூக்குவாளி கீழே விழுந்து கஞ்சி ரோட்டில் ஓடியது. ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கிட்டே வந்தாள். முக்காட்டை உருவி, ஒரு கையாலும் பல்லாலும் கயத்தான் கால்களைக் கட்டினாள். அவன் அவளைக் கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டே இருந்தான். "ஆட்டாதல கால" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் 11, புதன்

பிள்ளை கண் திறந்து பார்க்கிறது, பால் இழுத்துக் குடிக்கிறது என்று ஸ்டெல்லா சொன்னாள். நான் மாடி ஏறவில்லை. எனக்கு நெஞ்சில் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கயத்தான் கீழே வெட்டுக்காய வார்டில் கிடக்கிறான். நடப்பது சந்தேகம் என்றார்கள். கடல் கிடையாது. கஞ்சி கொண்டு போனேன். வாயைத் திறந்தான், ஊட்டினேன். போலீசு வந்து கேட்டதாம்.

"லெயோன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஏம்ல?"

"பெத்த தகப்பன் அறுத்தான்னு சொல்லச் சொல்லுதீங்களா? நீங்க சும்மா இருங்க. அவன் உள்ள போவட்டும். கெழவி அங்க நின்னு பாத்ததுக்கு வேற சாட்சி கெடையாது."

வாய் துடைத்துவிட்டேன். வக்கீலுக்குப் போன் பண்ணினேன். அவரும், "பெரியவரே, மகன் சொல்றதுதான் சரி. கொலை முயற்சியில மருமகன் போனா நம்ம பழைய கேஸ் தானா ஒடஞ்சிரும்" என்றார்.

நான் சரி என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஸ்டேஷன் வராந்தாவிலிருந்து சொல்கிறேன். ஸ்டெல்லா பன்னும் டீயும் கொண்டுவந்திருக்கிறாள். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருக்கிறார்.

காலையில் வார்டு வாசலில் லெயோன் வந்து நின்றான். இடது தோளிலிருந்து மார்பு வரைக்கும் கட்டு, அதன்மேல் சட்டையைப் போர்த்தியிருந்தான். கடித்த காது கறுத்திருந்தது. போலீசு தன்னைத் தேடுவது அவனுக்குத் தெரியும். மூன்று நாளாக மாடியில் பிள்ளையின் அறைக்கு வெளியே தரையில் கிடந்திருக்கிறான்.

"மாமா. எங்கம்மா பாத்தத எங்கிட்ட சொன்னா. நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

கயத்தான் காலில் போர்வையை இழுத்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் வேணா உள்ள போறேன். பிள்ளைக்குப் பேரு வைக்க வெளிய ஒருத்தன் வேணும்லா. அதுக்குத்தான் கேக்கேன்."

கட்டிலில் கயத்தான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். "வண்டி இருக்கா? ஸ்டேஷனுக்குப் போவணும்" என்று கேட்டேன்.

"எப்பா" என்றான் கயத்தான். திரும்பிப் பார்க்கவில்லை நான்.

லெயோன் ஒற்றைக் கையால் மொபெட் ஓட்டினான். உப்பளத்துக்கு நடுவில் ஆளில்லாத இடத்தில் நிறுத்தினான். "எறங்குங்க" என்றான். இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், ஏனென்று தெரியவில்லை. என் கன்னத்தில் அடித்தான். செபமாலை கிழித்த இடத்திலேயே விழுந்தது. நான் விழுந்தேன், எழுந்து நின்றேன். இன்னொன்று அடித்தான். இரண்டாவது பிள்ளைக்கு அது என்று நினைத்துக்கொண்டேன். அவன் எண்ணிச் சொல்லவில்லை. மூன்றாவது ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவன் வாய் கோணிக்கொண்டு போயிற்று. உப்பின்மேல் உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன். தொடலாமா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஏறுங்க" என்றான்.

விழுந்த பிறகு நெஞ்சுக் கட்டோடு என்னால் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வந்து ஒற்றைக் கையால் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, ஒரு பக்கமாக உட்கார வைத்தான். வண்டியைக் கிளப்பினான்.

"ரோடு மோசம் மாமா. பிடிச்சுக்கிடுங்க."

வண்டியில் பின்கம்பி இல்லை. பிடித்துக்கொள்ள அவன் வெட்டுப்பட்ட தோள்தான் கைக்கு எட்டியது. பிடித்துக்கொண்டேன்.